800 மீட்டர் ஓடும் பெண் சோற்றை விட்டால்

ஒரு அம்மாவின் கேள்வி இது, சுருக்கித் தருகிறேன். "மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. 800 மீட்டர், 1500 மீட்டர் ஓடுகிறாள். மூன்று கிலோ குறைத்தால் டைமிங் இறங்கும் என்று மைதானத்தில் சொன்னார்களாம். அன்றிலிருந்து இரவில் சோறு, டிபன் எதையும் தொடுவதில்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் டப்பாவில் கொஞ்சம் சாதம், சாயங்காலம் டீ, பிஸ்கட், ராத்திரி ஒரு ஆப்பிளும் பாலும். தொடை குண்டாக இருக்கிறது என்று கண்ணாடி முன்னால் நின்று பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள். உயரம் 158, எடை 45 கிலோ. அவள் எவ்வளவு சாப்பிட வேண்டும்? நான் எப்படிப் பேசுவது? நான்கு மாதமாக மாதவிடாயும் வரவில்லை."

சகோதரி, சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருக்கிறீர்களே, நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை என்று, உங்கள் கேள்வியிலேயே அதுதான் பெரிய செய்தி.

பூப்படைந்து முதல் இரண்டு மூன்று வருடங்கள் சுழற்சி முன்பின்னாகத்தான் இருக்கும். 21 நாளிலும் வரலாம், 45 நாளும் ஆகலாம். அதுவரை கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரேயொரு தடவையானாலும் இடைவெளி 90 நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். 15 வயது முடிந்தும் பூப்படையாத பெண்ணுக்கும் அப்படித்தான். "ஓடுற பொண்ணுங்களுக்கு நின்னு நின்னுதான் வரும்" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். சிலர் அதைக் கடும் பயிற்சிக்குக் கிடைத்த சான்றிதழ் மாதிரிகூடப் பேசுவார்கள். காதில் வாங்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே கடுமையாக ஓடும் பெண்களுக்கு ஒழுங்காக வருகிறது. ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோதுதான் நிற்கிறது.

ஆகவே முதல் வேலை, இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போவது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இருக்கும் இரும்புச் சேமிப்பின் அளவு), தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், வைட்டமின் டி இவற்றைப் பார்ப்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள்; மாதவிடாய் நின்ற யாரிடமும் கேட்பதுதான், கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அவள் தினமும் எவ்வளவு ஓடுகிறாள், எதையெல்லாம் சாப்பிடாமல் விட்டிருக்கிறாள், நான்கு மாதத்தில் எடை எவ்வளவு மாறியது என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் கேட்கப்படாமலே போய்விடலாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது நம் ஊரில் மாதவிடாய் தள்ளிப் போனாலே "பிசிஓடி" (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று பெயர் வைத்து, "எடையைக் குறை, சோற்றைக் குறை, நன்றாக உடற்பயிற்சி செய்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பிசிஓடி உள்ள பல பெண்களுக்கு அந்த ஆலோசனை சரிதான். சாப்பாடு பற்றாமல் மாதவிடாய் நின்றுபோன ஓட்டக்காரிக்கு அதே ஆலோசனையைச் சொன்னால் நோயை வளர்த்துவிட்டது போல ஆகும். ஸ்கேனில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் தெரிந்தன என்பது மட்டும் போதாது. இந்த வயதில் ஒன்றுமில்லாத பெண்களுக்கும் அப்படித் தெரியும். இன்னொன்று: மாதவிடாயை வரவைக்க ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இரத்தப்போக்கு வரும். அது மாத்திரையால் வந்தது. உடல் சரியாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை. இந்த வகைப் பிரச்சினைக்குக் கருத்தடை மாத்திரையைக் கொடுத்து மாதவிடாய் வரவைப்பதும், அது எலும்பைக் காக்கும் என்று நம்புவதும் வேண்டாம் என்று 2017-இல் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. முதல் மருந்து சாப்பாடு. கூடவே பயிற்சியில் கொஞ்சம் தளர்வு.

சரி, எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டே பார்ப்போம். அவள் எடை 45 கிலோ. அதில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் (இந்த வயதுப் பெண்ணுக்கு அது ஆரோக்கியமான அளவு, குறைக்க வேண்டிய அளவு அல்ல) மீதி 36 கிலோ தசை, எலும்பு, உறுப்புகள். வார்ம்-அப், ஓட்டம், கூல்-டவுன் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 8 கிலோமீட்டர் போகிறது என்றால், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கலோரி என்ற கணக்கில், 360 கலோரி காலில் எரிகிறது. நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டினால் தாராளமாகப் போட்டாலும் 1,100 கலோரி. அதில் 360 போக மீதி 740. அதை 36 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 20 கலோரிதான் தேறுகிறது.

இந்த எண்ணுக்கு ஒரு அர்த்தம் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் ஆன் லூக்ஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான இளம்பெண்களின் உணவையும் உடற்பயிற்சியையும் அளந்து வைத்துச் சோதனை செய்தார். உடற்பயிற்சிக்குப் போக மிஞ்சும் சக்தி, கொழுப்பில்லாத எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கியபோது, மாதவிடாயை நடத்தும் மூளை ஹார்மோனின் தாளம் குலைந்தது. அதற்கு ஐந்தே நாள் போதுமானதாக இருந்தது. 45 கலோரி அளவில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆளுக்கு ஆள் இந்த எல்லை கொஞ்சம் மாறும், 29-இல் ஆபத்து, 31-இல் பத்திரம் என்றெல்லாம் கோடு கிழிக்க முடியாது. ஆனாலும் 20 என்பது மிகக் கீழே. அதுவும் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் வளர்ந்து முடித்தவர்கள். உங்கள் மகள் இன்னும் வளர்கிறாள்.

வருமானம் பற்றாத வீட்டில் முதலில் எதை நிறுத்துவோம்? அரிசி, வாடகை, கரண்ட் பில் இவற்றில் கை வைக்க மாட்டோம். வெள்ளையடிப்பது, புதுத்துணி எடுப்பது இவற்றைத் தள்ளிப்போடுவோம். உடலும் அதைத்தான் செய்கிறது. இதயமும் மூளையும் ஓட வேண்டும். குழந்தை பெறுவதற்கான ஏற்பாடு இப்போதைக்கு அவசரமில்லை என்று மாதவிடாயை நிறுத்துகிறது. எலும்பைப் புதுப்பிக்கும் வேலையையும் நிறுத்துகிறது. குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், சின்னச் சளி பத்து நாள் நிற்கும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். இதில் விசித்திரம் என்னவென்றால், உடல் செலவைச் சுருக்கிக்கொள்வதால் எடை பெரிதாக இறங்காமலும் இருக்கலாம். "ஒல்லியாகவே ஆகலையே, அப்புறம் என்ன பட்டினி" என்று ஏமாந்துபோகிற இடம் அதுதான்.

விளையாட்டு மருத்துவத்தில் 1990-களிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். சாப்பாட்டுக் குறைவு, மாதவிடாய் நிற்பது, எலும்பு பலவீனம் மூன்றும் சேர்ந்து வருவதைப் பெண் விளையாட்டு வீராங்கனைகளின் முக்கோணப் பிரச்சினை என்றார்கள். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரித்து, உடல் முழுக்கப் பாதிக்கிறது, ஆண்களுக்கும் வருகிறது என்று சொல்லி 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது.

எலும்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரு பெண் ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளப்போகிற எலும்புப் பொருளில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சேமிப்புக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வேண்டும்; இப்படி மாதவிடாய் நிற்கும்போது அது குறைந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற ஒவ்வொரு மாதமும் அந்தச் சேமிப்பில் விழும் ஓட்டை, பிற்பாடு முழுசாக அடைபடும் என்று உறுதி சொல்ல முடியாது. முதலில் தெரியும் அறிகுறி முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரு வலி. ஓடும்போது மட்டும் வந்து, பிறகு நடக்கும்போதும் வரும். ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் சுருக்கென்று இருந்தால், தைலம் தேய்த்து ஓடவிடாதீர்கள். அது எலும்பில் விழும் நுண்ணிய கீறலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது.

மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையை உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லலாம். 2013-இல், 17 வயதில், மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் இறுதிச் சுற்று வரை ஓடியவர். அந்நாட்டின் மிக வேகமான பள்ளிப் பெண். நைக்கி நிறுவனத்தின் ஒரேகான் புராஜெக்ட் என்ற ஓட்டப் பயிற்சிக் குழுவில், ஆல்பர்ட்டோ சலசார் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட காணொளியில் அவரே சொன்னது: இன்னும் மெலிய வேண்டும், இன்னும் மெலிய வேண்டும் என்று குறி வைத்தார்கள், மற்றவர்கள் முன்னால் எடை பார்த்தார்கள், மூன்று வருடம் மாதவிடாய் இல்லை, ஐந்து எலும்பு முறிந்தது. சலசார் தரப்பில் மறுப்பு வந்தது. ஆனால் மெலிந்த பிறகு மேரி கெய்ன் வேகமாக ஓடவில்லை என்பதை ரெக்கார்டு புத்தகத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். மூன்று கிலோ இறங்கினால் டைமிங் இறங்கும் என்பது காகிதத்தில் சரியாகத் தெரியும் கணக்கு. இறங்கிய மூன்று கிலோவில் தசை எவ்வளவு, அந்த வருடம் காயத்தால் இழந்த பயிற்சி நாட்கள் எத்தனை என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

அடுத்து, அவள் கண்ணாடியில் பார்க்கும் அந்தத் தொடை. பெண் பிள்ளை பருவம் எய்தும்போது இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேருவது உடலின் திட்டப்படி நடக்கிறது. 12 வயதில் ஓடிய லேசான உடம்பு 15-இல் இருக்காது. பல பெண்களுக்கு இந்த இரண்டு மூன்று வருடத்தில் டைமிங் நின்றுபோகும், கொஞ்சம் பின்னுக்குக்கூடப் போகும். அகலமான இடுப்புக்குத் தசையும் எலும்பும் ஈடுகொடுத்த பிறகு மறுபடி வேகம் வரும். இடைப்பட்ட காலத்தில் "எடை போட்டுட்ட, அதான்" என்று பயிற்சியாளர் சொல்லும் ஒரு வார்த்தை எத்தனையோ பெண்களை மைதானத்தைவிட்டே துரத்தியிருக்கிறது.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பெண் பூப்படைந்ததும் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் ஊற்றி, "இடுப்பெலும்பு பலமாகணும், சாப்பிடு" என்று ஊட்டுகிறோம். அதே பெண்ணைப் பார்த்து இரண்டே வருடத்தில், அதே சித்தி, "என்னடி, இடுப்பு பெருத்துப் போச்சு" என்கிறாள். எது நடக்க வேண்டும் என்று களி கொடுத்தார்களோ அதுதான் நடந்திருக்கிறது!

பிஎம்ஐ கணக்குப் போட்டால் உங்கள் மகளுக்கு 18 வருகிறது. நெட்டில் இருக்கும் பெரியவர்களுக்கான அட்டவணையில் அது 18.5-க்குக் கீழே, அதாவது எடைக்குறைவு. 15 வயதுக்கு அந்த அட்டவணை பொருந்தாது. வயதுக்கேற்ற வளர்ச்சிப் படத்தில்தான் பார்க்க வேண்டும், அதில் அவள் சாதாரண வட்டத்துக்குள்தான் இருக்கிறாள். எப்படிப் பார்த்தாலும் குறைப்பதற்கு மூன்று கிலோ அவளிடம் இல்லை.

இனி சாப்பாடு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐசிஎம்ஆரும் 2020-இல் வெளியிட்ட அளவின்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2,400 கலோரி, 43 கிராம் புரதம், 1,000 மில்லிகிராம் கால்சியம், 30 மில்லிகிராம் இரும்பு. தினமும் மைதானத்துக்குப் போகிறவளுக்கு 2,400 என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். இதை அவளிடம் எண்களாகச் சொல்ல வேண்டாம். கலோரி எண்ணப் பழகிய பெண்ணுக்கு இன்னொரு எண்ணைக் கொடுத்தால் அதையும் குறைக்கத்தான் பார்ப்பாள். இந்த எண் உங்களுக்காக.

சோறு. இதில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: ஓட்டக்காரிக்குச் சோறும் இட்லியும்தான் எரிபொருள். தினமும் ஒரு மணி நேரம் போல் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு. அவளுக்குக் குறைந்தது 225 கிராம். ஒரு கப் வெந்த சோற்றில் இருப்பது சுமார் 45 கிராம். அப்படியென்றால் நாள் முழுக்க ஐந்து கப் சோற்றுக்குச் சமமான இட்லி, தோசை, சப்பாத்தி, கிழங்கு, பழம் உள்ளே போக வேண்டும். ரத்தச் சர்க்கரை உள்ள அப்பாவுக்கு மருத்துவர் சொன்ன "சோற்றைக் குறைங்க" என்பதை வீட்டில் எல்லோரும் பொதுச் சட்டமாக எடுத்துக்கொள்கிறோம். 50 வயதுக்காரரின் தட்டும் 15 வயது ஓட்டக்காரியின் தட்டும் ஒன்றாக இருக்கவே கூடாது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில், இல்லாவிட்டால் ஒரு வாய் காப்பியோடு கிளம்பும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஒரு வாழைப்பழமும் நாலு பேரீச்சம்பழமும் போதும், வயிற்றைக் கனக்க வைக்காது. பயிற்சி முடிந்து முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்குள் நான்கு இட்லி, சாம்பார், ஒரு அவித்த முட்டை. பள்ளிக்கூட இடைவேளைக்கு ஒரு கடலை மிட்டாயும் கொய்யாவும் பையில் இருக்கட்டும். மதியம் டப்பா பெரிதாக வேண்டும். சாதத்தோடு பருப்பு, கீரை, ஒரு பொரியல், தயிர். சத்துணவு கிடைக்கும் பள்ளியென்றால் பத்தாம் வகுப்பு வரை பள்ளி நாளெல்லாம் முட்டை உண்டு. தோழிகள் முன்னால் வெட்கப்பட்டு அதைத் தள்ளவிடாதீர்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது சாயங்காலம்தான். பள்ளி முடிந்து மைதானம், அங்கிருந்து டியூஷன், வீட்டுக்கு வர எட்டரை. அதுவரை டீயும் பிஸ்கட்டும். அந்த இடத்தில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலோ, வேர்க்கடலையோ, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ வைத்துவிடுங்கள். இரவு அடை, தோசை, சப்பாத்தி எதுவாக இருந்தாலும் வயிறாற. படுக்கும் முன் பால். நல்லெண்ணெய், நெய், தேங்காய்ச் சட்னி இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்; கொழுப்பை ஒரேயடியாக வெட்டினாலும் ஹார்மோன் தடுமாறும்.

நான்கு மாதம் சுருங்கிப்போன வயிற்றில் ஒரே நாளில் இதையெல்லாம் ஏற்ற முடியாது. இப்போது சாப்பிடுவதோடு 300 கலோரி போல் கூட்டுங்கள்: ஒரு டம்ளர் பால், ஒரு பிடி வேர்க்கடலை. ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். முதல் சில நாள் வயிறு உப்பும், "பார்த்தியா, குண்டாயிட்டேன்" என்பாள். அது தண்ணீரும் வாயுவும்தான், அடங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். அவள் எடை ஏற்கெனவே வேகமாக இறங்கியிருந்தாலோ, பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்திருந்தாலோ, சாப்பாட்டைக் கூட்டுவதை மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

இரும்புச்சத்து தனிக் கதை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடும் பெண்களுக்கு வியர்வை, பாதம் தரையில் அடிபடுவது என்று கூடுதல் இழப்பும் உண்டு. கடைசி 200 மீட்டரில் கால் கல்லாகக் கனக்கிறது என்றால் அது எடையாக இருக்காது, ரத்தமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. அது 12-க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் காலியாக இருந்தால் ஓட்டத்தில் சோர்வு தெரியலாம். அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொன்னேன். பீட்ரூட், மாதுளை என்று சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. இரண்டிலும் இரும்பு மிகக் குறைவு. அசைவம் சாப்பிடும் வீடென்றால் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) ஈரலும் வாரம் ஒருமுறை. நம் பாட்டிகள் சொன்னதில் இது நூற்றுக்கு நூறு சரி. சைவமென்றால் கம்பு, கொள்ளு, கொண்டைக்கடலை, கீரை. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று, அப்போதுதான் அந்த இரும்பு ரத்தத்தில் ஏறும். டீயும் காப்பியும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியிருக்கும். சாப்பிட்டபின் போடச் சொல்லுங்கள்.

கால்சியத்துக்கு இரண்டு டம்ளர் பால், ஒரு கப் தயிர், கேழ்வரகுக் கூழோ களியோ, முருங்கைக்கீரை, ஒரு எள்ளுருண்டை. இவை எல்லாம் சேர்ந்தால் 1,000 மில்லிகிராம் பக்கம் வந்துவிடும். முள்ளோடு தின்னும் நெத்திலி கிடைத்தால் இன்னும் நல்லது. புரதப் பவுடர் டப்பா வேண்டாம். ஓடுகிறவளுக்கு அந்த 43 கிராமைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் புரதம் வேண்டும்; பருப்பு, முட்டை, பால், கடலை தினமும் இருந்தால் அவளுக்குத் தேவையான 60 கிராம் அளவுக்கு வந்துவிடும். தவிர, அந்த டப்பாக்களில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, ஊக்கமருந்துப் பரிசோதனைக்குப் போகப்போகிற பெண்ணுக்கு அது தேவையற்ற வம்பு.

இவ்வளவும் அடுக்களை வேலை. தலைக்குள் இருப்பதற்கு வருவோம்.

ஃபிஜித் தீவில் நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. அதற்கு முன்பு அங்கே வாட்டசாட்டமான உடம்புக்குத்தான் மதிப்பு. நம் பாட்டிமார் "பூசின மாதிரி இருந்தாத்தான் லட்சணம்" என்பார்களே, அதைப் போல. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அந்த வருடமே பள்ளிப் பெண்களை ஆய்வு செய்தார், மூன்று வருடம் கழித்து அங்கே போய் மறுபடி செய்தார். எடையைக் குறைக்கத் தானாக வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் 1995-இல் யாருமில்லை. 1998-இல் 11.3 சதவீதம். மூன்று வருடம், ஒரு சேனல். நம் பிள்ளைகள் கையில் இருப்பது என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2021-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்றிலேயே, பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடல் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் அதிகமாக்குகிறது என்று எழுதியிருந்தது. அதை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது, அது வேறு விஷயம்.

போனைப் பிடுங்கச் சொல்லவில்லை. பிடுங்கினால் தோழி போனில் பார்ப்பாள். 'ஒரு நாளில் நான் சாப்பிடுவது', 'பத்து நாளில் தட்டையான வயிறு' வகை வீடியோக்களை 'ஆர்வமில்லை' என்று அழுத்தித் தள்ளவும், குண்டு எறிபவர், கபடி ஆடுபவர், நீளம் தாண்டுபவர் என்று விதவிதமான உடம்பு உள்ள வீராங்கனைகளைப் பின்தொடரவும் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரே விளையாட்டிலேயே எத்தனை வடிவம் என்று அவளே பார்க்கட்டும்.

ஆனால் நம் ஊர்ப் பெண்களுக்கு இன்ஸ்டாகிராமைவிட ஆழமாகத் தைப்பது வீட்டு விசேஷத்தில் விழும் பேச்சு. "வெயில்ல ஓடி இப்படிக் கறுத்துட்டியே", "கால் ஆம்பளைப் பையன் மாதிரி ஆயிடுச்சு", "இப்படியே ஓடிக்கிட்டிருந்தா யார் கட்டுவா." ஓடினால் கறுப்பு, நிறுத்தினால் குண்டு. அந்தப் பெண் எங்கே போவாள்? இதில் உங்கள் கையில் உள்ளது ஒன்று. அடுத்த தடவை அத்தையோ சித்தியோ ஆரம்பித்தால், அவள் காது கேட்கவே, "அவ உடம்பைப் பத்தி நம்ம வீட்ல பேசறதில்ல அத்தை, அடுத்த மாசம் மீட் இருக்கு, அதைக் கேளுங்க" என்று சொல்லுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. அப்புறம் உங்களையும் கவனியுங்கள்: கண்ணாடி முன் நின்று "ஐயோ, என் வயிறு" என்று நீங்கள் அலுத்துக்கொள்வதை அவள் ஏழு வயதிலிருந்து கேட்டு வருகிறாள்.

உடுப்பும் ஒரு காரணம். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமலும், கூச வைக்கும் ஷார்ட்ஸிலும் ஓடச் சொல்லிவிட்டு உடம்பைப் பற்றி நினைக்காதே என்றால் எப்படி? முழங்கால் வரை வரும் டைட்ஸ் போட்டு ஓட விரும்பினால் விடுங்கள்.

பேசும்போது "நீ குண்டு இல்லடி, குச்சி மாதிரி இருக்க" என்று சமாதானம் சொல்லாதீர்கள். அதுவும் உடம்பைப் பற்றிய பேச்சுதான்; ஒல்லிதான் உயர்த்தி என்று நீங்களும் ஒப்புக்கொண்டதாகிவிடும். பயமுறுத்தவும் வேண்டாம், "பிள்ளை பிறக்காது" என்ற மிரட்டல் குறிப்பாக வேண்டாம். அவளுக்குப் பிடித்த விஷயம் ஓட்டம். அந்த வழியாகவே போங்கள். "கடைசி ரெண்டு வாரமா டல்லா இருக்கியே, கால் வலிக்குதா, தூக்கம் வருதா? மாசம் தள்ளிப் போனா எலும்பு வீக்காகுமாம், சீசன் போயிடக் கூடாது, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்." சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதுக்குச் சுலபம். எடை மெஷின் வீட்டில் இருந்தால் பரண்மேல் போட்டுவிடுங்கள். முடிந்தவரை வீட்டில் எல்லோரும் ஒரு வேளையாவது ஒன்றாக உட்கார்ந்து, ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

பயிற்சியாளரிடம் நீங்கள் நேரில் போய்ப் பேச வேண்டும். பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்களுக்கு அவர்களுடைய பயிற்சியாளர் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி இரண்டு விஷயம் கேளுங்கள்: எடையைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், எல்லோர் முன்னாலும் எடை பார்க்க வேண்டாம். எடைக்கட்டுப்பாடு உள்ள விளையாட்டுகளில் இது இன்னும் சிக்கல். சப்-ஜூனியர் கபடிக்கு 55 கிலோ வரம்பு என்பதால், எடை பார்க்கும் நாளுக்கு முன் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் இரவெல்லாம் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், முடியை வெட்டிக்கூட 100 கிராம் கூடுதலாக நின்று இறுதிப்போட்டியை இழந்ததை நாடே பார்த்தது. ஒரு மருத்துவக் குழுவே கூட இருந்த வளர்ந்த வீராங்கனைக்கு அந்த நிலை. வளரும் பிள்ளைக்கு எடைப் பிரிவை மாற்றுவதுதான் வழி, எடையை மாற்றுவது இல்லை.

சில அறிகுறிகள் தெரிந்தால் மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது, மனநல மருத்துவரும் வேண்டும். சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, சாப்பாட்டை ஒளிப்பது, காயத்தோடும் காய்ச்சலோடும் ரகசியமாக உடற்பயிற்சி செய்வது, ஒரு நாள் கூடுதலாகச் சாப்பிட்டதற்கு மறுநாள் தண்டனையாகப் பட்டினி கிடப்பது, பேதி மாத்திரை வாங்குவது. இவை பிடிவாதமோ திமிரோ இல்லை, நோய், சிகிச்சை உண்டு. உடனே யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நாடித்துடிப்பு மிகவும் குறைந்தாலோ போனில் நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவள் பயப்படுவது அதற்குத்தான். எலும்பு வலி இல்லை, இதயமும் ரத்தமும் சரி என்று மருத்துவர் சொன்னால் பெரும்பாலும் முழுசாக நிறுத்தத் தேவைப்படாது. வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, தூரத்தைப் பாதியாக்குவது, வேகப் பயிற்சியை இப்போதைக்குத் தள்ளிவைப்பது என்று ஆரம்பிக்கலாம். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த சில வாரத்திலேயே தூக்கமும் மனசும் தெளியும், ஓட்டத்தில் தெம்பு தெரியும். மாதவிடாய் திரும்ப மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை மருத்துவரை மாதம் ஒருமுறை பாருங்கள். வரப்போகிற மீட்டில் ஓடலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.